தலையில் அடித்த சத்தியம்

14

மில் கிடங்கில் தீப்பிடித்து மூன்று நாள் ஆகியும் கருகிய பஞ்சின் வாடை போகவில்லை. ராசிபுரம் சாலையில் அந்தப் பருத்தி அரவை மில்லைச் சுற்றியிருந்த நாற்பது வீடுகளிலும் துணிமணி, தலைமயிர், குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றிலும் அதே வாடைதான்.

குஞ்சம்மாளுக்கு அந்த வாடை வந்தபோதெல்லாம் ஒரு பக்கம் நெஞ்சு நிமிர்ந்தது, மறுபக்கம் அடைத்தது.

நிமிர்ந்ததற்குக் காரணம் அவள் புருஷன். சென்றாயன் அந்த மில்லில் மேஸ்திரி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிடங்கு எரிந்தபோது எல்லோரும் வெளியே ஓட, அவன் உள்ளே ஓடினான். பருத்தி பொறுக்குகிற பெண்கள் மூன்று பேரை இழுத்து வெளியே போட்டான். அவன் வலது கை மணிக்கட்டுவரை வெந்து கட்டுப் போட்டிருந்தது. மூன்றாவதாக இழுத்த ஆத்தாயி என்ற பெண்ணுக்குத்தான் சேலை முழுக்கப் பற்றிக்கொண்டு விட்டது. அவள் சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அடைத்ததற்குக் காரணம் அவள் தம்பி. பச்சமுத்து மில் கேட்டில் வாச்சர். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் மடி தடவிப் பார்த்து, பீடியும் தீப்பெட்டியும் இருந்தால் வாங்கித் தகர டப்பாவில் போட்டு வைப்பதுதான் அவன் வேலை. "கேட்டில் சரியாகப் பார்த்திருந்தால் கிடங்குக்குள் நெருப்பு எப்படிப் போகும்?" என்று முதலாளி கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சேலத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார், மில் முற்றத்தில் விசாரணை, எல்லோரும் வந்தாக வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

சென்றாயன் வெந்த பொதிகளை ஒதுக்கிக் காட்டக் காலையிலேயே மில்லுக்குப் போய்விட்டான். குஞ்சம்மாள் தம்பிக்குக் கம்பஞ்சோறு கட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுச் சௌந்திரம் இடுப்பில் கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். பின்னால் அவள் புருஷன் அருணகிரி, சந்தைக்கு ஓட்டி வந்த மாட்டைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவன் மில்லுக்குப் பருத்தி வண்டி ஓட்டுகிறவன்.

"குஞ்சக்கா, இன்னைக்கு ஆடி வெள்ளி. இவரைக் கூட்டியாந்துட்டேன். நீங்க மச்சானுக்குப் பண்ணின மாதிரியே பண்ணிப்போடுங்க."

"இன்னைக்கா சௌந்திரம்? எந்தம்பி அங்க கெடக்கறான்..."

"தீ புடிச்சதுக்குப் பொறவுதானுங்க்கா இவருக்கே பயம் வந்திருக்குது. இப்பப் புடிச்சாத்தான் உண்டு."

"ஆமாங்க்கா," என்றான் அருணகிரி. "கள்ளுக்கடையைச் சர்க்கார் சாத்தி வருசம் ஒண்ணாகப் போகுது. அதையே உட்டுட்டேன். இந்தப் பீடிக்கடையை ஆரு சாத்தறது? நீங்களே சாத்துங்க."

குஞ்சம்மாளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அந்தத் தெருவில் அவளுக்கென்று ஒரு பேர் இருந்ததென்றால் அது இதுதான். புருஷனைப் பீடியிலிருந்து மீட்டவள்.

சும்மா வரவில்லை அந்தப் பேர். கல்யாணம் ஆன புதிதில் பீடிக்கட்டை ஒளித்து வைத்துப் பார்த்தாள். அவன் கடைக்கு நடந்தான். வாழப்பாடியில் ஒரு வைத்தியரிடம் பொடி வாங்கி வந்து தேனில் குழைத்துக் கொடுத்தாள். அவனுக்குச் சோறு கசந்ததே தவிரப் பீடி கசக்கவில்லை. அப்புறம் ஓமமும் கிராம்பும் வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள். வாய் புண்ணானது, புண்ணோடு குடித்தான். தம்மம்பட்டிப் பக்கம் ஒரு சாமியார், ஒரு கட்டு முழுவதையும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துத் தீர்க்கட்டும், அப்புறம் கண்டாலே ஓடுவான் என்றார். இரண்டு நாள் வாந்தி எடுத்தான். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணே ஒண்ணு குடு புள்ள" என்றான். மாரியம்மன் நோன்பில் காப்புக் கட்டிக்கொண்டபோது மட்டும் பதினைந்து நாள் தொடாமல் இருந்தான். காப்பை அவிழ்த்த கையோடு பற்ற வைத்தான்.

பதினோரு வருஷம் இப்படிப் போனது. இருமலில் ரத்தச் சிவப்பு தெரிந்த அன்றுதான் அவளுக்கு வெறி பிடித்தது. போன தை மாதம் சூடம் ஏற்றி வைத்து, ஒன்பது வயது மகள் ராஜம்மாளை மணையில் உட்கார வைத்து, "இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. இனித் தொட்டா இவளை நீங்க பார்க்க மாட்டீங்க" என்று அவன் கையைப் பிடித்து மகளின் உச்சியில் வைத்தாள். அவன் அடித்துக் கொடுத்தான்.

ஏழு மாதம் ஆயிற்று. அவன் வாயில் ஏலக்காய் வாசம்தான். தெருவே மூக்கில் விரல் வைத்தது.

"சரி, உக்காருங்க," என்றாள் குஞ்சம்மாள்.

சூடம் ஏற்றினாள். சௌந்திரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறந்து நாலு மாதம், தலையில் பூனை முடி. அருணகிரி கையை நீட்டினான்.

"வேண்டாம்!"

ராஜம்மாள் கதவருகில் நின்றிருந்தாள். ஒரே ஓட்டமாக வந்து அருணகிரியின் கையைத் தட்டிவிட்டாள். "பாப்பா தலையில கை வெக்காதீங்க! பாப்பா செத்துப்போயிரும்!" என்று கத்திக்கொண்டே குழந்தையைச் சௌந்திரத்தின் மடியிலிருந்து பிடுங்கப் பார்த்தாள். குழந்தை வீறிட்டது. சூடத்தட்டு சாய்ந்து மண்ணில் விழுந்து அணைந்தது.

குஞ்சம்மாள் மகளை ஓங்கி ஓர் அறை விட்டாள். அவள் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு புழக்கடைப் பக்கம் ஓடினாள்.

"நல்ல நாளும் அதுவுமா என்ற புள்ளையைச் செத்துப்போயிரும்னு சொல்லிப்போட்டாளே," என்று சௌந்திரம் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். அருணகிரிக்கு உள்ளூர நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வாசல்படி தாண்டியதும் அவன் கை தானாக மடியைத் தடவியது.

*

புழக்கடையில் விறகுக்கு அடுக்கிய பருத்திமார் போருக்கும் வேலிக்கும் நடுவே ஓர் ஆள் குந்துகிற இடம் இருந்தது. ராஜம்மாள் அங்கே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குஞ்சம்மாள் கோபத்தோடுதான் போனாள். கன்னத்தில் தன் ஐந்து விரலும் பதிந்திருப்பதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"ஏஞ் சாமி அப்படிப் பண்ணினே?"

ராஜம்மாள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அவங்கப்பா பீடியை உட்டுட்டாப் பாப்பாவுக்கு ஏன் என்னமோ ஆகுது?"

"உட மாட்டாரு," என்றாள் ராஜம்மாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஆரும் உட மாட்டாங்கம்மா. அப்பாவே உடலை."

குஞ்சம்மாள் அவள் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினாள். "என்ன சொன்னே?"

"இங்கதாம்மா குடிப்பாரு. நீ தண்ணிக்குப் போறப்ப. பங்குனி மாசம் பார்த்தேன். மொத நாளு பார்த்துட்டு நான் அன்னைக்கே செத்துப்போயிருவேன்னு நெனச்சேன். சாகலை."

சாதாரணமாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்ன சொன்னார் என்று சொல்கிற மாதிரி.

"வைகாசியில காய்ச்சல் வந்துச்சே, அப்பத்தான் சாகப்போறேன்னு நெனச்சேன். அதான் பாசிமணியையும் சொப்பையும் பாவாயிக்குக் குடுத்தேன். நீகூடத் திட்டினே."

திட்டியது குஞ்சம்மாளுக்கு நினைவு வந்தது. ஆசை ஆசையாகத் தேர்க்கடையில் வாங்கிய பாசிமணியை ஊரான் வீட்டுப் பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்தாயே என்று காய்ச்சலோடு கிடந்தவளைப் பேசித் தீர்த்தாள்.

"இப்பவெல்லாம் அவரு குடிக்கறப்ப நான் மூச்சைப் புடிச்சுக்குவேன்," என்றாள் ராஜம்மாள். "அவரு முடிக்கற மட்டும் புடிச்சுக்கிட்டா எனக்கு ஒண்ணும் ஆகறதில்லை. சில நாளைக்கு முடியறதில்லைம்மா. அப்ப ரெண்டு தடவை புடிப்பேன். பாப்பாவுக்கு மூச்சுப் புடிக்கத் தெரியாதில்ல?"

குஞ்சம்மாள் மண்ணைப் பார்த்தாள். போரின் அடியில், தோண்டி மூடிய இடத்தில், கருகிய பீடித் துண்டுகளின் நுனிகள் தெரிந்தன. தினமும் பருத்திமார் உருவி அடுப்பெரித்த கை அவளுடையது. இந்த மூலைக்கு மட்டும் அவள் வந்ததில்லை. வந்து பார்க்க வேண்டுமென்று தோன்றவே இல்லை.

"அப்பவே ஏங் கண்ணு எங்கிட்டச் சொல்லலை?"

"நீ எல்லாரு கிட்டயும் சந்தோசமாச் சொல்லிக்கிட்டிருந்தியேம்மா."

அப்புறம் அவளே கேட்டாள்: "நான் எப்பம்மா சாவேன்?"

குஞ்சம்மாள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நீ சாக மாட்டே சாமி. அந்தச் சத்தியம் பொய்யி. அம்மா சும்மா பண்ணினது" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். ராஜம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் முகத்தில் நம்பிய களை இல்லை. அம்மா அன்றைக்குச் சூடத்தின் முன்னால் சொன்ன குரல் இதைவிட உரத்த குரல்.

*

மகளை அவள் சிநேகிதி பாவாயி வீட்டில் விட்டுவிட்டுக் குஞ்சம்மாள் சோற்று மூட்டையோடு ஸ்டேஷனுக்கு நடந்தாள். நடக்க நடக்கத்தான் அவளுக்கு அடுத்த கணக்குப் புரிந்தது. பங்குனியிலிருந்து குடிக்கிறான். வீட்டில் இங்கே. மில்லில் எங்கே?

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். பச்சமுத்து கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அக்கா, ஆத்தாயி விடியால செத்துப்போச்சாம். ஏட்டையா இப்பத்தான் சொன்னாரு."

குஞ்சம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆத்தாயிக்கு இருபது வயதுகூட இருக்காது. களத்தில் பருத்தியில் உட்கார்ந்து தூசு பொறுக்கும்போது எல்லோரையும் சிரிக்க வைக்கிறவள்.

"பச்சமுத்து, அன்னைக்கு ஆரை நீ தடவிப் பார்க்காம உட்டே?"

அவன் நிமிர்ந்து அக்காளைப் பார்த்தான். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டான். "எல்லாரையுந்தான் பார்த்தேன். ஏட்டையாகிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கறேன்."

"எங்கிட்டப் பொய் சொல்லாதே."

"அக்கா, நீ ஊட்டுக்குப் போ."

"ராஜம்மா சொல்லிப்போட்டாடா. பங்குனியில இருந்து தெரியுமாம் அவளுக்கு."

பச்சமுத்து கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"முதலாளி மகனைக்கூட மடி தடவாம நான் உட்டதில்லைக்கா. மச்சானை மட்டும்... புள்ளை தலையில அடிச்சவரைத் தடவிப் பார்த்தா அது அவரைக் கேவலப்படுத்தற மாதிரியில்ல? ஏழு மாசமா அவரு கேட்டுல வந்தா நானே ஒதுங்கி வழி உடுவேன்."

"அதை ஏன் சொல்லாம இருக்கறே? நீ ஏண்டா உள்ளே கெடக்கோணும்?"

"அவருக்கு ஒண்ணுன்னா நீயும் புள்ளையும் எங்க போவீங்க? எனக்கு ஆறு மாசம் போடுவாங்க, இருந்துட்டு வந்தறலாம்னு நெனச்சேன்." அவன் சோற்று மூட்டையைப் பிரிக்காமலே கீழே வைத்தான். "இப்ப ஆத்தாயி செத்துப்போச்சு. இனி எத்தனை வருசம்னு தெரியலை. ஆனாலும் நீ வாயைத் தொறக்காதே. நடந்தது நடந்துபோச்சு."

"பொண்ணூட்டுக்காரங்களுக்கு என்ன சொல்றது?"

"அவங்க நேத்தே வந்து சொல்லிப்போட்டுப் போயிட்டாங்கக்கா. வேற எடம் பார்த்துக்கறாங்களாம்."

*

அவள் வீடு திரும்பியபோது உச்சி தாண்டியிருந்தது. சென்றாயன் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஏலக்காய் மென்றுகொண்டிருந்தான்.

மூன்று நாளாக அவள்தான் அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். வலது கை கட்டுப் போட்டிருந்தது. இன்றைக்கும் வட்டிலில் சோறு போட்டு மோர் ஊற்றிப் பிசைந்தாள். ஒரு கவளம் கொடுத்தாள். அடுத்த கவளமும் கொடுத்தாள். அவன் வாங்கி விழுங்கினான்.

"ஆத்தாயி போயிருச்சாம் புள்ள."

"தெரியும்."

மூன்றாவது கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "செவ்வாக்கெழமை பீடியை எங்க போட்டீங்க?"

எந்தப் பீடி என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். கேட்டுத் தொலைக்கட்டும் என்றுகூட இருந்தது. அவன் வாய் திறந்தபடியே இருந்தது. கண் மட்டும் நிறைந்து வழிந்தது.

"ஆரு சொன்னா?"

"உங்க மக."

அவள் கையிலிருந்த சோறு வட்டிலில் விழுந்தது.

"நாப்பத்தோரு நாளு தொடலை குஞ்சு," என்றான் சென்றாயன். "சாமி சத்தியமா... அதை இனி எப்படிச் சொல்றது... நெசமாவே தொடலை. ராஜம்மா மொகத்தைப் பார்க்கறப்பவெல்லாம் நெஞ்சு பதறும். நாப்பத்திரண்டாம் நாளு ஒண்ணுமே நடக்கலை. ஒரு சண்டையில்லை, ஒரு கவலையில்லை. மத்தியானம் சோறு தின்னு கை கழுவினேன். அடுத்தாப்பல பார்த்தாப் பெட்டிக்கடை முன்னால நிக்கறேன். என்ற காலு எப்படி அங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? புள்ளையைக் கொன்னுபோட்டேன்னா சொல்றது?"

வெளியே யாரோ வண்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். குஞ்சம்மாள் வட்டிலைத் தள்ளி வைத்தாள்.

"மில்லுல எல்லாரும் கேட்டுக்கு வெளியில புளியமரத்தடியில நின்னு குடிப்பாங்க," என்றான் அவன். "முன்னாலெல்லாம் நானும் அங்கதான் குடிப்பேன். சத்தியம் பண்ணின பொறவு அங்க நிக்க முடியுமா? பச்சமுத்து பார்ப்பான். அருணகிரி பார்ப்பான். சாயங்காலமே உன்ற காதுக்கு வந்துரும். அதான் கிடங்குக்குள்ள பின்பக்கம், பொதிக்கும் சுவத்துக்கும் எடையில ஒரு சந்து இருக்குது, அங்க... அன்னைக்குப் பாதி குடிச்சிருப்பேன். பொம்பளைங்க பேச்சுச் சத்தம் கேட்டுது. சன்னல் வழியா வெளியே வீசினேன். வெளியே போச்சுன்னுதான் நெனச்சேன் குஞ்சு."

புளியமரத்தடி. குஞ்சம்மாளுக்குத் தெரியும் அந்த இடம். வெட்டவெளி. கீழே கல்லும் மண்ணும். பத்து வருஷம் அவன் அங்கே நின்று குடித்தபோது ஒரு துரும்புகூடக் கருகவில்லை. அவனை அங்கிருந்து விரட்டிப் பஞ்சுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியது எது? மணையும் சூடமும் அவள் பிடித்து வைத்த கையும்தான். தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட அந்த வாய்தான்.

"மூணு மணிக்கு என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள்.

"சொல்லிப்போடறேன்."

"நெசமா?"

"ஆத்தாயி மேல நெருப்பை அணைச்சது இந்தக் கைதான். கண்ணை மூடினா அவ மொகந்தான் நிக்குது. பச்சமுத்தை நான் அங்க உட மாட்டேன். சொல்லிப்போடறேன்." அவன் உதட்டை நக்கிக்கொண்டான். "ஒண்ணே ஒண்ணு குடிச்சுப்போட்டுப் போறேன் புள்ள. இல்லாட்டி எனக்கு வாய் வராது."

அவள் அவனையே பார்த்தாள். பதினோரு வருஷமாக அவள் எதற்காகச் சண்டை போட்டாளோ, எதற்காகப் பட்டினி கிடந்தாளோ, அதை அவன் கேட்டான். கொடுக்கலாமா கூடாதா என்று யோசிக்கிற இடமெல்லாம் தாண்டிப்போய்விட்டிருந்தது.

"எங்க இருக்குது?"

"குதிருக்குப் பின்னால, தட்டியில சொருகியிருக்கறேன்."

எடுத்து வந்தாள். ஒன்றை உருவி அவன் உதட்டில் வைத்தாள். அடுப்பிலிருந்து ஒரு கங்கை இடுக்கியில் எடுத்து வந்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவன் இழுத்தான். கன்னம் குழிந்தது. கண் மூடியது. அவன் முகம் முழுவதும் ஒரு சாந்தம் பரவியது. அவள் சமைத்துப் போட்ட சோற்றிலும் பெற்றுக் கொடுத்த பிள்ளையிலும் அவன் முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை அவள் பார்த்ததில்லை.

பாவாயி வீட்டிலிருந்து எப்போது வந்தாளோ, ராஜம்மாள் வாசலில் நின்றிருந்தாள். வாயை இறுக மூடி, கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து நின்றாள்.

"ஏன் இவ இப்படி நிக்கறா?" என்றான் சென்றாயன்.

"நீங்க குடிச்சு முடிக்கற மட்டும் மூச்சு உட மாட்டா. உட்டாச் செத்துப்போவாளாம். பங்குனியில இருந்து இப்படித்தானாம்."

அவனுக்கு விளங்க ஒரு கணம் ஆனது. விளங்கியதும் உதட்டிலிருந்த பீடியைத் தட்டிவிட்டான். குஞ்சம்மாள் ஓடிப்போய் மகளின் முதுகைத் தேய்த்தாள். "மூச்சு உடு சாமி! உடு கண்ணு!" ராஜம்மாள் வாயைப் பிளந்து காற்றை இழுத்தாள். தேம்பி அழுதாள். ஏழு மாதத்தில் அன்றுதான் அவள் அழுது குஞ்சம்மாள் பார்த்தாள்.

மகளின் தலைக்கு மேலாக அவள் திரும்பிப் பார்த்தாள். சென்றாயன் குனிந்திருந்தான். முகத்தில் நீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இடது கை தரையைத் துழாவிக்கொண்டு பீடியிடம் போய்க்கொண்டிருந்தது. எட்டிவிட்டது. விரல் இடுக்கில் ஏறிவிட்டது. தன் கை அதைச் செய்கிறது என்று அவனுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

குஞ்சம்மாள் மகளின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்தி மறைத்துக்கொண்டாள்.

*

மூன்று மணிக்கு மில் சங்கு ஊதியது.

முற்றம் முழுக்க ஆள். ஒரு பக்கம் கூரையில்லாமல் கருகி நின்ற கிடங்குச் சுவர். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேஜை போட்டுக் குமாஸ்தா ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். பச்சமுத்துவை இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே உட்கார வைத்திருந்தார்கள். பெண்கள் வரிசையில் குஞ்சம்மாள் கடைசியில் நின்றாள். மகளைப் பாவாயியின் அம்மாவிடம் விட்டு வந்திருந்தாள்.

நாலைந்து பேரைக் கூப்பிட்டு விசாரித்தபின், "மேஸ்திரி சென்றாயன்!" என்று அழைத்தார்கள்.

அவன் முன்னால் போய் நின்றான். நடையில் தளர்ச்சி இல்லை. சொல்லிவிடுவான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"ஐயா, நானுங்க..."

"இவர்தாங்க," என்று முதலாளி எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "மூணு பொம்பளைங்களை நெருப்புக்குள்ளே போய்த் தூக்கி வந்தவர். இவர் இல்லையானால் மற்ற ரெண்டு உயிரும் போயிருக்கும். இனிப் புதுக் கிடங்குக்கு இவர்தான் பொறுப்பு."

முற்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஆத்தாயியின் அப்பன் கூட்டத்திலிருந்து வந்து, சென்றாயனின் கட்டுப் போட்ட கையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "என்ற புள்ளையைக் காப்பாத்த நீங்களாச்சும் போனீங்களே சாமி" என்று விம்மினான்.

"கையைப் பார்த்தாலே தெரிகிறதே," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்களிடம் கேட்க ஒன்றுமில்லை. நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்களே?"

சென்றாயன் கூட்டத்தைப் பார்த்தான். பச்சமுத்துவைப் பார்த்தான். கடைசியாகக் குஞ்சம்மாளைத் தேடிப் பார்த்தான். அவள் தன் பார்வையை அவன் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க," என்றான்.

போய் உட்கார்ந்துகொண்டான்.

குமாஸ்தா அடுத்த பேரைத் தேடிக் காகிதத்தைப் புரட்டினார். குஞ்சம்மாள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். நடப்பது அவளுக்கே தெரியவில்லை. மேஜைக்கு நாலு அடி இருக்கும்போது பச்சமுத்து அவளைப் பார்த்துவிட்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பெரிதாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆட்டினான்.

"யாரம்மா நீ? உன்னைக் கூப்பிடவில்லையே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கிடங்கு எரிஞ்சதுக்கும், ஆத்தாயி செத்ததுக்கும் நாந்தானுங்க காரணம்," என்றாள் குஞ்சம்மாள்.

சென்றாயன் தலை நிமிரவில்லை. குமாஸ்தா பேனாவை மைக்கூட்டில் தோய்த்துப் புதுக் காகிதம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

"உன் பேரு?"

அவள் சொன்னாள். அவர் எழுத ஆரம்பித்தார்.